பல கணினி, ஒரே திரை: சர்வீஸ்களைத் தூரத்திலிருந்து நிர்வகிக்கும் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத கணினிகளைக் கழித்துக்கட்ட மனமில்லாமல் லினக்ஸ் போட்டு ஓட்டும் அலுவலகங்களிலும் கல்லூரி லேப்களிலும் புதிய சிக்கல் ஒன்று வருகிறது. பாதிக் கணினி விண்டோஸ், பாதி லினக்ஸ். இரண்டின் பின்னணிச் சேவைகளையும், அதாவது சர்வீஸ்களையும், ஒரே ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கிடையில், லினக்ஸில் இந்த வேலைக்குப் பெயர்பெற்ற காக்பிட் என்ற கருவியைப் புதுப்பித்தவர்கள், பல கணினிகளை அடுக்கிக் காட்டிய பட்டியலைக் காணோமே என்று தேடுகிறார்கள். அது கோளாறு அல்ல. 2024-இல் தெரிந்தே எடுத்த முடிவு.

இரண்டு குழப்பத்துக்கும் வேர் ஒன்றுதான். கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது திரை எப்படி இருக்கிறது என்று பார்க்கிறோம். அந்தத் திரை தூரத்துக் கணினியை எந்த வழியாகத் தொடுகிறது, யாருடைய அதிகாரத்தில் தொடுகிறது என்பதைப் பார்ப்பதில்லை. எது வேலை செய்யும், எது சிக்கும், எது ஆபத்து என்பதெல்லாம் அந்த வழியில்தான் இருக்கிறது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு நிறுவனம்: வேலூரில் தலைமை அலுவலகம், ஆம்பூரில் ஷூ தொழிற்சாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் பதனிடும் யூனிட். மூன்று இடத்திலும் சேர்த்து முப்பது நாற்பது கணினி. ஆம்பூரில் வருகைப்பதிவு சர்வீஸ் நின்றுவிட்டால் நெடுஞ்சாலையில் ஐம்பது கிலோமீட்டர் அளவுக்குப் போய் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு வர முடியாது. அதற்காகத்தான் இந்தக் கருவிகள்.

## சர்வீஸ் என்றால் எது?

யாரும் லாகின் செய்யாவிட்டாலும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்தான் சர்வீஸ். பிரிண்டருக்கு வரிசை போடுவது, டேட்டாபேஸ், கடிகாரத்தைச் சரிபார்ப்பது, பேக்கப் எடுப்பது எல்லாம் இந்த வகை.

சர்வீஸ்களைக் கிளப்பி, நிறுத்தி, விழுந்தால் மறுபடி தூக்கிவிடும் மேலாளர் ஒவ்வொரு கணினியிலும் இருக்கிறது. விண்டோஸில் அது சர்வீஸ் கண்ட்ரோல் மேனேஜர். இன்றைய பெரும்பாலான லினக்ஸ்களில் சிஸ்டம்டி. இது 2010-இல் அறிவிக்கப்பட்டு, 2011-இல் ஃபெடோரா 15-இலும், 2015-இல் டெபியன் 8, உபுண்டு 15.04 ஆகியவற்றிலும் இயல்பு மேலாளராக வந்தது.

எந்த வரைகலைக் கருவியும் சர்வீஸை நேரடியாகத் தொடுவதில்லை. இந்த மேலாளரிடம் கோரிக்கை வைக்கிறது. மேலாளர் சொன்ன பதிலைத் திரையில் காட்டுகிறது. மேலாளருக்குத் தெரியாதது திரைக்கும் தெரியாது. டேட்டாபேஸின் புராசஸ் உயிரோடு இருக்கிறது, ஆனால் டிஸ்க் நிரம்பி எதையும் எழுத முடியவில்லை என்றாலும் திரையில் "ஓடுகிறது" என்றே இருக்கும்.

## "இப்போது" வேறு, "அடுத்த பூட்டில்" வேறு

ஒவ்வொரு சர்வீஸுக்கும் இரண்டு நிலை உண்டு. பலரும் தடுக்கி விழும் இடம் இது.

1. இப்போது ஓடுகிறதா? லினக்ஸில் ஆக்டிவ், இன்ஆக்டிவ், ஃபெயில்டு என்று வரும். விண்டோஸில் ரன்னிங் என்று இருக்கும், இல்லையென்றால் அந்த இடம் வெறுமையாக இருக்கும்.
2. கணினி கிளம்பும்போது தானாக ஓடுமா? லினக்ஸில் எனேபிள்டு, டிஸேபிள்டு. விண்டோஸில் ஆட்டோமேட்டிக், ஆட்டோமேட்டிக் டிலேய்டு, மேனுவல், டிஸேபிள்டு.

இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல. 2021 ஜூலையில் விண்டோஸின் பிரிண்ட் ஸ்பூலரில் பிரிண்ட்நைட்மேர் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது மைக்ரோசாஃப்ட் சொன்ன தற்காலிக வழியில் இரண்டு கட்டளைகள் இருந்தன: ஸ்பூலரை நிறுத்து, தொடக்க வகையை டிஸேபிள்டு என்று மாற்று. முதலாவதை மட்டும் செய்த கணினியில், ரீபூட் ஆனதும் ஸ்பூலர் பழையபடி எழுந்து நிற்கும்.

கருவிக்குக் கருவி பொத்தானின் பொருளும் மாறும். காக்பிட்டில் சர்வீஸ் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சுவிட்சைத் தள்ளினால் இரண்டும் சேர்ந்து நடக்கும்: நிறுத்துவதோடு, அடுத்த பூட்டிலும் வராதபடி டிஸேபிள் செய்துவிடும். மூன்று புள்ளி மெனுவில் உள்ள ஸ்டாப் அப்படியில்லை. இப்போதைக்கு மட்டும் நிறுத்தும். விண்டோஸின் சர்வீஸஸ் ஜன்னலில் ஸ்டாப் பொத்தான் முதல் நிலையை மட்டுமே மாற்றும். இரண்டையும் மாறி மாறிப் பயன்படுத்துபவர் இதை மனதில் வைக்காவிட்டால், பத்து நிமிடம் நிறுத்த நினைத்த சர்வீஸ் அடுத்த ரீபூட்டுக்குப் பிறகு வராமலே போகும்.

லினக்ஸில் மாஸ்க்டு என்று இன்னொரு நிலை இருக்கிறது. டிஸேபிள் செய்த சர்வீஸை வேறொரு சர்வீஸ் தேவைப்பட்டுக் கூப்பிட்டால் அது எழுந்துவிடும். மாஸ்க் செய்தால் யார் கூப்பிட்டாலும் எழாது. ஸ்டார்ட் அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

## திரையிலிருந்து கணினிக்குப் போகும் வழி

வேலூரில் உட்கார்ந்து அழுத்தும் பொத்தான் ஆம்பூர்க் கணினியின் மேலாளரை அடைய நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு.

1. எஸ்எஸ்எச், அதாவது தூரத்துக் கணினிக்குள் குறியாக்கத்தோடு நுழையும் முறை, போர்ட் 22. போர்ட் என்பது கணினியின் இணைப்புகளுக்கான எண்ணிட்ட கதவு. லினக்ஸுக்கு இதுதான் ராஜபாட்டை. காக்பிட்டும், பல கணினிகளில் ஒரே மாற்றத்தைச் செய்யும் அன்சிபிள் என்ற கருவியும் தூரத்துக் கணினிக்கு இப்படித்தான் போகின்றன. ஒரே போர்ட், பாஸ்வேர்டுக்குப் பதில் சாவிக்கோப்பு வைக்கலாம்.
2. ஆர்பிசி, அதாவது ஒரு கணினியின் நிரலை இன்னொன்றிலிருந்து அழைக்கும் முறை. விண்டோஸின் பழைய சர்வீஸஸ் ஜன்னலில் "வேறொரு கணினியோடு இணை" என்று கொடுத்தால் நடப்பது இது. முதலில் போர்ட் 135-இல் பேசி, பிறகு 49152-இலிருந்து 65535 வரையுள்ள ஏதோ ஒரு போர்ட்டுக்கு மாறிக்கொள்ளும். ஒரே கட்டிடத்துக்குள் சிக்கலில்லை. கிளைகளுக்கு நடுவில் ஃபயர்வால் இருந்தால் இவ்வளவு பெரிய கதவைத் திறந்துவைக்க நேரும். இதைத் தவிர்ப்பதே நல்லது.
3. விண்டோஸின் தொலைநிர்வாக முறையான வின்ஆர்எம், போர்ட் 5985. குறியாக்கச் சான்றிதழோடு என்றால் 5986. 2018-இல் வெளியான, உலாவியில் திறக்கும் நிர்வாகக் கருவியான விண்டோஸ் அட்மின் சென்டர் போகும் வழி இது. எண்ணி இரண்டு போர்ட் என்பதால் கிளைகளுக்கு நடுவில் ஆர்பிசியைவிட எவ்வளவோ மேல்.

எந்த வழியானாலும் அதை இணையத்துக்கு நேராகத் திறக்கக் கூடாது. காக்பிட்டின் 9090, அதேபோன்ற இன்னொரு கருவியான வெப்மினின் 10000 ஆகிய போர்ட்களை ரௌட்டரில் ஃபார்வர்டு செய்து வீட்டிலிருந்தே பார்க்கிறோம் என்பது மிக ஆபத்தான வசதி. 2019-இல் வெப்மினின் 1.890 முதல் 1.920 வரையிலான பதிப்புகளுக்குள் யாரோ பின்கதவு ஒன்றை நுழைத்திருந்தது தெரியவந்தது, 1.890-இல் எந்த அமைப்பையும் மாற்றாமலே பாஸ்வேர்டு இல்லாமல் உள்ளே போக முடிந்தது. இணையத்துக்குத் திறந்துவைத்த 1.890 பதிப்பு ஒவ்வொன்றும் அப்போது பூட்டில்லாத வீடாகத்தான் இருந்தது.

மூன்று கிளைகளையும் வயர்கார்டு போன்ற விபிஎன் (இணையத்தின் மேல் போடும் குறியாக்கப் பாதை) கொண்டு இணைத்து, நிர்வாகப் போர்ட்கள் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே வைப்பதுதான் முறை. வயர்கார்டுக்கு வேலூர் முனையில் ஒரே ஒரு யூடிபி போர்ட் போதும், வழக்கமாக 51820. கிளையில் இருப்பது சாதாரண ஃபைபர் இணைப்பு என்றால் அங்குள்ள முனையில் 25 விநாடிக்கு ஒருமுறை உயிர்த்துடிப்பு அனுப்பும்படி அமைக்க வேண்டும். இல்லாவிட்டால் சிறிது நேரம் பேச்சில்லாமல் இருந்ததும் ரௌட்டர் அந்த இணைப்பை மறந்துவிடும். வேலூரிலிருந்து கூப்பிட்டால் ஆம்பூர் பதில் சொல்லாது.

## காக்பிட்டில் பட்டியல் ஏன் மறைந்தது?

காக்பிட் உலாவியில் திறக்கும் கருவி. யாராவது 9090-ஐத் தட்டும்போது மட்டும் எழுந்துகொள்ளும். மற்ற நேரத்தில் நினைவகத்தைத் தின்னாது. சர்வீஸ் பக்கத்தில் சர்வீஸ், டார்கெட், சாக்கெட், டைமர், பாத் என்று சிஸ்டம்டியின் முக்கிய வகைகள் தனித்தனித் தாவலில் இருக்கும். சர்வீஸைத் தொட்டால் அதன் லாகும், அதாவது நிகழ்வுப் பதிவும், கீழேயே வரும். தனிக் கணினிக்கு இதைவிடத் தெளிவான திரை லினக்ஸில் இல்லை என்றே சொல்லலாம்.

பல கணினிகளைச் சேர்க்கும்போது சிக்கல் தொடங்குகிறது. பழைய முறையில் வேலூர்க் கணினியின் காக்பிட்டில் நுழைந்து, ஆம்பூர், ராணிப்பேட்டைக் கணினிகளைப் பட்டியலில் சேர்ப்போம். ஆம்பூரைச் சொடுக்கியதும் வேலூர்க் கணினி எஸ்எஸ்எச் மூலம் அங்கே போய், ஆம்பூர் பக்கத்தைக் காட்டும் ஜாவாஸ்கிரிப்டை ஆம்பூர்க் கணினியிலிருந்தே எடுத்து வந்து அதே உலாவிப் பக்கத்தில் ஓட்டும். வேலூர், ராணிப்பேட்டை அமர்வுகளும் அங்கேதான் திறந்திருக்கின்றன. ஆம்பூர்க் கணினியை ஒருவன் கைப்பற்றிவிட்டால், அவன் மாற்றியமைத்த ஜாவாஸ்கிரிப்ட் நம் உலாவிக்குள் வந்து, நம் அதிகாரத்தோடு மற்ற இரண்டு இடத்திலும் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். எல்லாக் கணினியும் சம நம்பிக்கைக்கு உரியவை என்றால் மட்டுமே அந்த அமைப்பு பாதுகாப்பானது. தொழிற்சாலைத் தளத்தில் பலர் கைபடும் கணினிக்கும் சம்பளக் கணக்கு இருக்கும் சர்வருக்கும் அந்தச் சமம் கிடையாது.

எனவே மேம்பாட்டாளர்கள் அந்தப் பட்டியலை இயல்பாக அணைத்துவிட்டார்கள். சில லினக்ஸ் வெளியீடுகள் அதை இன்னும் திறந்தே வைத்திருக்கின்றன. காக்பிட்டின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தும் திரும்பக் கொண்டுவரலாம். ஆனால் காரணத்தைப் புரிந்துகொண்ட பிறகு கொண்டுவருவதற்கு நியாயம் குறைவு. மாற்றாகக் காக்பிட் கிளையன்ட் என்ற டெஸ்க்டாப் செயலி இருக்கிறது. ஃபிளாட்பேக் என்ற நிறுவல் முறை வழியாக நிறுவலாம். இதில் ஒவ்வொரு கணினிக்கும் தனி இணைப்பு. ஒன்றின் பக்கம் மற்றொன்றைத் தொடாது.

உள்ளே போன பிறகு மேலே "வரம்புக்குட்பட்ட அணுகல்" என்ற பொருளில் ஓர் அறிவிப்பு தெரிந்தால், நாம் சாதாரணப் பயனராக இருக்கிறோம் என்று பொருள். சர்வீஸ்களைப் பார்க்கலாம், மாற்ற முடியாது. அதைச் சொடுக்கிப் பாஸ்வேர்டு கொடுத்து நிர்வாக அணுகலுக்கு மாற வேண்டும். முழு அதிகாரம் கொண்ட ரூட் பெயரில் நேரே நுழைவதைக் காக்பிட் இயல்பாகத் தடுத்திருக்கிறது. அந்தத் தடையை எடுக்காமல் இருப்பதே சரி.

## விண்டோஸ் பக்கம் சிக்கும் இடங்கள்

டொமைனில், அதாவது ஒரே மைய சர்வரின் கணக்குகளில், சேர்ந்த கணினிகள் என்றால் அட்மின் சென்டரில் பெயரைச் சேர்த்ததும் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். நம் ஊர்ச் சிறு நிறுவனங்களில் பல கணினிகள் வெறும் வொர்க்குரூப்பில், ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கோடு இருக்கும். அங்கே இரண்டு முட்டுக்கட்டைகள்:

1. இணைக்கும் கணினியில், எதிர்முனையின் பெயர் அல்லது ஐபி முகவரி வின்ஆர்எம்மின் நம்பகக் கணினிப் பட்டியலில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் நம்பு என்று நட்சத்திரக் குறி போடும் பழக்கத்தை விட்டு, முகவரிகளைத் தனித்தனியாக எழுத வேண்டும்.
2. அட்மின் கணக்காகவே இருந்தாலும் "அணுகல் மறுக்கப்பட்டது" என்று வரும். நெட்வொர்க் வழியாக வரும் உள்ளூர் அட்மின் கணக்குகளின் அதிகாரத்தை விண்டோஸ் வடிகட்டிவிடுகிறது. ரெஜிஸ்ட்ரியில் அந்த வடிகட்டியை விலக்கும் மதிப்பு உண்டு. விலக்கினால், எல்லாக் கணினியிலும் ஒரே அட்மின் பாஸ்வேர்டு வைத்திருக்கும் இடத்தில் ஒன்று போனால் எல்லாம் போகும். எனவே கணினிக்கு ஒரு பாஸ்வேர்டு என்று மாற்றிய பிறகே அதைத் தொட வேண்டும்.

அட்மின் சென்டர் விண்டோஸுக்கானது, காக்பிட் லினக்ஸுக்கானது. இரண்டுக்கும் சேர்த்து இதே அளவு விவரத்தோடு ஒரே திரை வேண்டும் என்று தேடினால் ஏமாற்றம்தான். இரண்டு திரையாக வைத்துக்கொள்வதில் குறை ஒன்றுமில்லை.

## கரண்ட் திரும்பி வந்த பிறகு

அக்னி நட்சத்திர வெயிலில் மின்சாரம் போய், யூபிஎஸ்ஸும் தீர்ந்து, பிறகு எல்லாக் கணினியும் ஒரே நேரத்தில் எழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். எஸ்எஸ்டி போட்ட சர்வர் அரை நிமிடத்தில் தயார். ஃபைபர் மோடமும் ரௌட்டரும் தயாராக இன்னும் சில நிமிடம் ஆகும். ரௌட்டரிடமிருந்து ஐபி முகவரி வாங்கும் சர்வருக்கு அதுவரை முகவரியே கிடையாது. அந்த முகவரியில் மட்டும் காத்திருக்கும்படி அமைத்த டேட்டாபேஸ், எழுந்ததும் விழும்.

சிஸ்டம்டியில் இயல்பான ரீஸ்டார்ட் இடைவெளி 100 மில்லிவிநாடி. 10 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் தொடங்க அனுமதி இல்லை. விழுந்தால் ரீஸ்டார்ட் செய் என்று எழுதியிருந்தாலும், அந்த 5 முறையும் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துபோகும். பிறகு "மிக விரைவாக மீண்டும் மீண்டும் தொடங்கப்பட்டது" என்ற பொருளில் லாக் எழுதிவிட்டுச் சிஸ்டம்டி கைவிட்டுவிடும். திரையில் ஃபெயில்டு. காலையில் வேலூரிலிருந்து ஒருவர் ஸ்டார்ட் அழுத்துவார். ரௌட்டர் அதற்குள் தயாராகியிருப்பதால் உடனே ஓடும். "சரியாகிவிட்டது" என்று நினைப்பார். அடுத்த மின்வெட்டில் மறுபடி அதேதான்.

சரிசெய்யும் முறை:

1. சர்வருக்கு ரௌட்டரை நம்பாத நிலையான ஐபி கொடுக்க வேண்டும்.
2. சர்வீஸின் அமைப்பில் ரீஸ்டார்ட் இடைவெளியை 30 விநாடி ஆக்க வேண்டும். 10 விநாடிக்குள் 5 முறை என்ற வரம்பை இனி தொடவே முடியாது. நெட்வொர்க் வரும்வரை அரை நிமிடத்துக்கு ஒருமுறை முயன்றுகொண்டே இருக்கும்.
3. நெட்வொர்க் உண்மையில் வந்த பிறகே தொடங்கு என்ற சார்பைச் சேர்க்கலாம். சிஸ்டம்டியில் நெட்வொர்க் டார்கெட், நெட்வொர்க் ஆன்லைன் டார்கெட் என இரண்டு உண்டு; முதலாவது முகவரி கிடைத்ததற்கு உத்தரவாதம் தராது. இரண்டாவதுதான் வேண்டும். அதுவும் குறிப்பிட்ட நேரம்தான் காத்திருக்கும். எனவே இது 2-ஆம் புள்ளிக்குத் துணை, மாற்று இல்லை.

இந்த மாற்றங்களை, மென்பொருள் தொகுப்போடு வந்த கோப்பில் எழுதக் கூடாது. அப்டேட் வரும்போது அழிந்துவிடும். மேலே போர்த்தும் தனிக் கோப்பாக எழுதிச் சிஸ்டம்டியை அமைப்புகளை மறுபடி படிக்கச் சொல்ல வேண்டும்.

விண்டோஸில் இதற்கு இணை, சர்வீஸின் ரெகவரி தாவல். முதல் தோல்வி, இரண்டாம் தோல்வி, அதற்குப் பின் என மூன்று பெட்டிகள். வெளியார் மென்பொருள்களில் பல "ஒன்றும் செய்யாதே" என்றே இருக்கும். மூன்றையும் ரீஸ்டார்ட் என்று மாற்றி, ஒரு நிமிட இடைவெளி கொடுக்கலாம். கீழே உள்ள "பிழையோடு நிற்கும்போதும் செயல்படு" என்ற பொருள் கொண்ட டிக்கைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால், புராசஸ் திடீரென்று செத்தால் மட்டும் ரெகவரி நடக்கும்; பிழைக்குறியீடு சொல்லிவிட்டு முறையாக நின்ற சர்வீஸை விண்டோஸ் எழுப்பாது.

## பார்ப்பது ஒரு வேலை, ஒரே மாதிரி வைத்திருப்பது இன்னொரு வேலை

மேலே சொன்ன 30 விநாடி மாற்றத்தை இருபது கணினியில் செய்ய வேண்டும் என்றால் காக்பிட்டை இருபது முறை திறப்பது வீண். பத்தொன்பதில் சரியாகச் செய்து ஒன்றில் விட்டுவிடுவோம். எதில் விட்டோம் என்பதும் தெரியாது.

இதற்கு அன்சிபிள் பொருத்தம். எந்தக் கணினிகள், எந்தச் சர்வீஸ், அது ஓட வேண்டுமா, பூட்டில் வர வேண்டுமா என்று ஒரு கோப்பில் எழுதிவிட்டால், ஒவ்வொரு கணினியாகப் போய் மாறுபட்டிருப்பதை மட்டும் திருத்தும். லினக்ஸ் கணினிகளில் எஸ்எஸ்எச்சும் பைத்தானும் இருந்தால் போதும். விண்டோஸுக்கு வின்ஆர்எம் வழியாகவே போகும். "இப்போது", "பூட்டில்" என்ற இரண்டு நிலைகளையும் அதில் தனித்தனியாக எழுத வேண்டும். ஒரே நேரத்தில் 5 கணினி என்பது இயல்பு அளவு.

அன்சிபிள் கட்டளை வரியில் ஓடுவது. பொத்தான் வேண்டும் என்பவர்களுக்கு செமஃபோர், ஏடபிள்யூஎக்ஸ் போன்ற வலைத்திரைகள் உண்டு. இவை இந்த நொடியில் எந்தச் சர்வீஸ் ஓடுகிறது என்று காட்டும் பலகைகள் அல்ல. வேலையை ஓட்டி, முடிவைப் பதிந்துவைப்பவை. யார், எப்போது, எந்த வேலையை ஓட்டினார் என்ற பதிவு கிடைப்பதே இவற்றின் பெரிய பலன். ஐந்தாறு கணினிக்குக் காக்பிட் கிளையன்ட் தாராளம். பத்தைத் தாண்டினால் மாற்றங்கள் அன்சிபிள் வழியாக, பார்ப்பதும் லாக் படிப்பதும் காக்பிட் வழியாக என்று பிரித்துக்கொள்வது நல்லது.

## தூரத்திலிருந்து செய்யும்போது வரும் கோளாறுகள்

முதலாவது, நுனிக்கொம்பில் உட்கார்ந்து அடிக்கொம்பை வெட்டுவது. எஸ்எஸ்எச், விபிஎன், நெட்வொர்க் மேனேஜர், ஃபயர்வால் ஆகியவற்றைத் தூரத்திலிருந்து நிறுத்தினால் திரையே துண்டிக்கப்படலாம். அப்படி ஆனால் மறுபடி ஸ்டார்ட் அழுத்த வழியிருக்காது. காக்பிட்டின் நெட்வொர்க் பக்கத்தில் இதற்கு ஒரு காப்பு உண்டு: மாற்றத்தால் இணைப்பு அறுந்தால் பழைய நிலைக்குத் தானே திரும்பும். சர்வீஸ் பக்கத்தில் அந்தக் காப்பு இல்லை. இந்த நான்கையும் தொடும் நாளில் அந்தக் கிளையில் விசைப்பலகை முன் ஒருவர் இருக்க வேண்டும்.

இரண்டாவது, கடிகாரம். பழைய கணினிகளில் மதர்போர்டின் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்திருந்தால், மின்வெட்டுக்குப் பின் தேதி பல ஆண்டு பின்னால் போய்விடும். சான்றிதழ் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று அந்தக் கணினியின் உலாவி மறுக்கும். டொமைனில் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே, டொமைனில் அடையாளம் சரிபார்க்கும் முறையான கெர்பெராஸின் லாகின் தோற்கும். நேற்றுவரை வந்த கணினி இன்று பாஸ்வேர்டு சரியாக இருந்தும் வராவிட்டால் தேதியைப் பார்க்க வேண்டும். நேரம் ஒத்திசைக்கும் சர்வீஸ் எல்லாக் கணினியிலும் எனேபிள்டாக இருப்பதை முதல் அன்சிபிள் வேலையாகவே வைக்கலாம்.

மூன்றாவது, லாக். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்கிறது; கடிகாரங்களை நேரச் சர்வர்களோடு ஒத்திசைக்கவும் சொல்கிறது. சிஸ்டம்டியின் லாக் சேமிப்பான ஜர்னல் இயல்பாக டிஸ்கின் 10 சதவீதம், அதிகபட்சம் 4 ஜிபி வரைதான் வைத்திருக்கும். நிரம்பியதும் பழையதை அழிக்கும். நிரந்தர ஜர்னல் கோப்புறை இல்லாத கணினியில் ரீபூட் ஆனதும் மொத்தமும் போய்விடும். நிமிடத்துக்கு நூறு வரி எழுதும் சர்வீஸ் ஒன்று இருந்தால் 180 நாள் தாங்குமா என்று கணக்குப் போட்டுப் பார்த்து, தாங்காது என்றால் வரம்பைக் கூட்ட வேண்டும், அல்லது லாக்குகளை வேலூர் சர்வருக்கு அனுப்பிச் சேர்த்துவைக்க வேண்டும். அப்படி அனுப்பும் சர்வீஸும் ரௌட்டருக்கு முன்னால் எழுந்து விழக்கூடியதுதான் என்பதால், அதற்கும் அந்த 30 விநாடி இடைவெளியைக் கொடுக்க வேண்டும்.